முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்

முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஓய்வூதியம் 30,000 ரூபாயிலிருந்து 35,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் வெளியான அறிவிப்பைப் பற்றி இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதையொட்டி வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

ஐயா, நான் அரசுப் பள்ளியில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. 2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்த என் மகனோ மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்துவிட்டு, கடைசியில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் இருக்கிறான். ஐந்தாண்டுகள் சட்டமன்றத்தில் அமர்ந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் என்பது எந்த நியாயத்தில் சேரும்?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காட்பாடி

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். 2017 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியம் படிகள் உட்பட 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தபோது, முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும் 12,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்ந்தது. பிறகு படிப்படியாக ஏறி 35,000 ரூபாயில் வந்து நிற்கிறது. குடும்ப ஓய்வூதியம் 17,500 ரூபாய். ஆண்டு மருத்துவப்படி ஒரு லட்சம் ரூபாய். எட்டாண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு. இதே காலத்தில் ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது, அதுவும் 2023இல்தான்.

நாடாளுமன்றத்தின் கதை இன்னும் தெளிவானது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பளமும் படிகளும் மட்டுமே இருந்தன. 1976இல் செய்த திருத்தம்தான் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஐந்தாண்டுகள் உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 300 ரூபாய். ஆண்டு நிபந்தனை பின்னர் தளர்ந்து, 2004இல் முற்றாக நீங்கியது. அதாவது எவ்வளவு குறுகிய காலம் உறுப்பினராக இருந்தவரும் ஓய்வூதியத்துக்கு உரியவரானார். 2018இல் மாதம் 25,000 ரூபாயாக இருந்த தொகை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும்படி 31,000 ரூபாயாக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 ரூபாய் கூடுதல். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாகவே உயரும் ஏற்பாடும் 2018இல் செய்யப்பட்டுவிட்டது.

இனி நீங்கள் கேட்ட நியாயம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த அரசு ஊழியர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காட்டைத் தம் பங்காகச் செலுத்தினார். 2026 ஜனவரியில் மாநில அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதிலும் ஊழியரின் 10 விழுக்காடு பங்களிப்பு உண்டு. மத்திய அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் கடைசி ஓராண்டின் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி வேண்டுமென்றால் 25 ஆண்டுகள் பணிபுரிந்திருக்க வேண்டும். ஆக, உங்கள் மகன் எந்தத் திட்டத்தின்கீழ் வந்தாலும் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: எவ்வளவு செலுத்தினாய், எத்தனை ஆண்டு உழைத்தாய், உன் வயது என்ன? நாடாளுமன்ற உறுப்பினரின் ஓய்வூதியச் சட்டம், ஓய்வூதியம் பெறும் தகுதிக்கு இம்மூன்றில் ஒன்றையும் கேட்பதில்லை. நாற்பது வயதில் தேர்தலில் தோற்றவருக்கும் மறுமாதமே ஓய்வூதியம் தொடங்கிவிடுகிறது. என் மறுப்பு 35,000 என்ற எண்ணின் மீதல்ல. இந்தக் கேள்விகள் கேட்கப்படாததன் மீதுதான்.

என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் பீடி சுற்றினார். பி.எஃப். ஓய்வூதியமாக ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. வருடா வருடம் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்கப் போனால், இலை நறுக்கி நூல் கட்டித் தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்பதில்லை. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறார்கள். இவருக்கு ஆயிரம், அவர்களுக்கு 35 ஆயிரம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?
பீடித் தொழிலாளியின் மகள், குடியாத்தம்

உங்கள் கடைசி வரிதான் இந்த விவகாரத்தின் ஆணிவேர். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் தாயாரின் ஓய்வூதியம் 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி வருவது. அதற்குக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். 58 வயது நிறைய வேண்டும். கணக்கு இப்படி: ஓய்வூதியத்துக்கென எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு. உச்சவரம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு, 35 ஆண்டுகளை முழுமையாகக் கணக்கிட்டாலும் வருவது மாதம் 7,500 ரூபாய்தான். ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளில் வாழ்நாளைக் கழித்தவர்களில் பலர் அந்தத் தொகையை எட்டியதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்களுக்குக் கணக்கு இன்னும் சுருங்கிவிடுகிறது. அவர்களைக் காப்பது 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்ச அளவு. அது 2014 செப்டம்பரில் வைக்கப்பட்டது. அதை 7,500 ரூபாயாக உயர்த்துங்கள், அகவிலைப்படியும் சேருங்கள் என்று ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். இத்திட்டத்தில் விலைவாசியோடு ஓய்வூதியம் தானாக உயரும் ஏற்பாடு எதுவும் இல்லை.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விலைவாசி ஏறினால் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரின் ஓய்வூதியம் ஏற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதே விலையில் அரிசி வாங்கும் பீடித் தொழிலாளியின் ஓய்வூதியம் ஏற வேண்டுமா என்பது நிதிநிலையைப் பொறுத்தது, ஆய்வில் உள்ளது என்று பதில் வருகிறது. இரண்டையும் முடிவு செய்யும் இடம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் அந்த இடத்தில் இருப்பவர்கள் பிறருக்காக முடிவெடுக்கிறார்கள். மற்றொன்றில் தமக்காக முடிவெடுக்கிறார்கள்.

அரசியலமைப்பின் 106ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கும் 195ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கும் தத்தம் உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் சட்டத்தின் மூலம் நிர்ணயிக்கும் உரிமையைத் தந்திருக்கின்றன. வேறு யாரும் நிர்ணயிக்கக் கூடாது, நிர்வாகம் சம்பளத்தைப் பிடித்துவைத்துச் சட்டமன்றத்தை மிரட்டக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. ஆனால் நடைமுறையில், ஏலச்சீட்டு நடத்துபவரே தள்ளுபடித் தொகையையும் தம் பெயரில் எழுதிக்கொள்வது போல ஆகிவிட்டது. மற்ற எந்த அறிவிப்புக்கும் எழுந்து நின்று மறுப்புச் சொல்லும் எதிர்வரிசை, இந்த அறிவிப்புக்கு மட்டும் பெரும்பாலும் ஆளும் வரிசையோடு சேர்ந்து மேசையைத் தட்டுகிறது. எக்கட்சி ஆண்டாலும் இந்த உயர்வு வந்துவிடுகிறது. 2017இல் அறிவித்தது ஒரு கட்சியின் அரசு, 2025இல் அறிவித்தது மற்றொரு கட்சியின் அரசு.

விரல் ரேகை பதியாத சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. உயிர்வாழ் சான்றை முகத்தைப் படம் பிடித்துக் கைப்பேசி வழியாகவே பதிவு செய்யும் வசதி இப்போது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் தாயாரின் ஆதார் எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் கையில் வைத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

இந்த ஓய்வூதியத்தை எதிர்த்து வழக்குப் போட்டால் நீதிமன்றம் ரத்து செய்யாதா?
சட்டக்கல்லூரி மாணவர், வேலூர்

இருமுறை முயன்றாயிற்று. பொது நோக்கு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2002இல் ஏற்கவில்லை. பிறகு லக்னோவைச் சேர்ந்த லோக் பிரஹரி என்ற அமைப்பு, முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியத்தையும் பயணச் சலுகைகளையும் எதிர்த்து முதலில் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. நீதிபதிகள் செலமேஸ்வர், சஞ்சய் கிஷன் கவுல் ஆகியோரின் அமர்வு 2018 ஏப்ரல் 16 அன்று அதைத் தள்ளுபடி செய்தது.

மனுதாரரின் வாதத்தில் ஒரு கூர்மை இருந்தது. நீதிபதிகளின் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும் அரசியலமைப்பு, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று வரும்போது சம்பளம், படிகள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஓய்வூதியம் என்ற சொல்லே அங்கில்லை. சொல்லாததால் தடை என்று பொருளாகாது, சட்டம் இயற்றும் அதிகாரம் இருக்கிறது, அது நியாயமா இல்லையா என்பது சட்டமன்றத்தின் அறிவுக்கு விடப்பட்டது என்பதே நீதிமன்றத்தின் நிலை. சட்டப்படி அது சரியான நிலை என்றே நான் கருதுகிறேன். இதன் விளைவாக, மாற்றம் வர வேண்டுமென்றால் அது சட்டமன்றத்துக்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

பஞ்சாபில் ஒரே உத்தரவில் வெட்டிவிட்டார்களே, இங்கே ஏன் முடியாது?
தோல் நிறுவனக் கணக்கர், ஆம்பூர்

ஒரே உத்தரவில் முடியவில்லை. அதுவே கவனிக்க வேண்டிய செய்தி. 2022 மார்ச்சில் முதலமைச்சர் பகவந்த் மான் அறிவித்தார். அவசரச் சட்டமாகக் கொண்டுவந்ததை ஆளுநர் திருப்பியனுப்பினார். பிறகு மசோதாவாகச் சட்டமன்றத்தில் வைத்து ஜூன் இறுதியில் நிறைவேற்றி, ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றார்கள்.

பஞ்சாபின் நோய் வேறு வகையானது. அங்கே ஒருமுறை உறுப்பினராக இருந்தவருக்கு அகவிலைப்படியோடு 75,150 ரூபாய். அதற்கு மேல் வென்ற ஒவ்வொரு முறைக்கும் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகச் சேரும். ஐந்து முறை வென்றவருக்கு இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் அளவில் வரும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அதை மாற்றி, எத்தனை முறை வென்றிருந்தாலும் 60,000 ரூபாயும் அகவிலைப்படியும் என்று ஒரே ஓய்வூதியமாக்கினார்கள். ஆண்டுக்கு 19 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று அரசு சொன்னது. மானின் மார்ச் மாத அறிவிப்புக்குச் சில நாட்களுக்கு முன்பே, பலமுறை முதலமைச்சராக இருந்த பிரகாஷ் சிங் பாதல் தமக்கு இந்த ஓய்வூதியம் வேண்டாம் என்று அறிவித்திருந்தார்.

தமிழ்நாட்டில் அறிவிக்கப்படுவது ஒரே மாதத் தொகை. எனவே ‘ஒருவருக்கு ஒரே ஓய்வூதியம்’ என்ற பஞ்சாபின் முழக்கத்தை இங்கே சுவரில் எழுதினால் கேட்பதற்கு நன்றாக இருக்குமே தவிர, கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைத்ததாகாது. இங்கே அந்த முழக்கத்துக்குப் பொருள் உண்டென்றால், அது சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர்களைப் பற்றியது. மத்தியச் சட்டப்படி முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வேறு ஓய்வூதியம் பெற்றாலும் இதையும் சேர்த்துப் பெறலாம். மீண்டும் ஏதேனும் ஓர் அவையில் உறுப்பினராவது, ஆளுநராவது போன்ற சூழல்களில் அந்தக் காலத்துக்கு நின்றுவிடும்.

குஜராத் இதற்கு நேர்மாறு. அங்கே முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. முன்பு கொண்டுவந்த சட்டத்தை 2001இல் நீக்கிவிட்டார்கள். அதனால் அங்கே தேர்தலில் போட்டியிட ஆளில்லாமல் போய்விடவில்லை.

இந்தப் பணத்தை நிறுத்தினால் மாநிலத்தின் கடன் குறையுமா?
தேநீர்க்கடைக்காரர், ஆற்காடு

குறையாது. ஆயிரம் பேருக்கு மாதம் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 42 கோடி ரூபாய். மாநிலத்தின் ஆண்டுச் செலவு மூன்று லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. பணத்தைச் சேமிக்கும் வழியாக இதைப் பேசுபவர்கள் முதல் கேள்வியிலேயே தோற்றுப்போவார்கள்; அதனால் அந்த வழியில் பேச வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் குடியாத்தத்தில் வென்றுதான் காமராசர் சட்டமன்றத்துக்குப் போனார். அவர் ஓய்வூதியம் வாங்கினாரா? மக்கள் தொண்டுக்கு எதற்கு ஓய்வூதியம்? ஒட்டுமொத்தமாக ஒழித்துவிட்டால் என்ன?
கைத்தறி நெசவாளர், குடியாத்தம்

1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர் சட்டமன்ற உறுப்பினராக வேண்டியிருந்தபோது உங்கள் தொகுதியின் இடைத்தேர்தலில்தான் நின்று வென்றார். அந்தப் பெருமை குடியாத்தத்துக்கு என்றும் உண்டு. ஆனால் அவர் 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தபோது நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். நாடாளுமன்ற ஓய்வூதியம் அதற்கு மறு ஆண்டுதான் வந்தது. ஆகவே அவர் வாங்கவில்லை என்பதிலிருந்து இரு தரப்புக்கும் சான்று கிடைக்காது. ஓய்வூதியம் இருந்தும் மறுத்தவர் வேண்டுமென்றால், சோஷலிஸ்ட் தலைவர் மது லிமயேயைச் சொல்லலாம்.

காமராசரைச் சொன்ன நீங்கள் கக்கனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகள் தமிழக அமைச்சராக இருந்தவர், மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். வேறொருவரைப் பார்க்கச் சென்ற எம்.ஜி.ஆர். தற்செயலாக அறிந்து அவருக்கு உதவ ஏற்பாடு செய்தார். அந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் பெருமையோடு வெட்கமும் தெரிகிறது. நேர்மையாக இருந்த ஒருவர் முதுமையில் இன்னொருவரின் கண்ணில் தற்செயலாகப் பட வேண்டியிருந்தது.

ஒட்டுமொத்தமாக ஒழித்தால் யாருக்கு வலிக்கும் என்று பாருங்கள். வேட்புமனுவோடு சொத்துக்கணக்கைத் தாக்கல் செய்யும் முறை வந்து இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. அந்தப் பிரமாணப் பத்திரங்களைப் புரட்டினால், கோடிகளில் சொத்து காட்டுபவர்களுக்கு 35,000 ரூபாய் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே என்பது தெரியும். வலிக்கப்போவது, நிலமோ கல்லூரியோ கல்குவாரியோ இல்லாத தொழிற்சங்கக்காரருக்கும், தனித்தொகுதியில் வென்ற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும்தான். அப்படிப்பட்டவர்கள் அவைக்கு வர வேண்டும் என்று விரும்புகிற நாம், அவர்களின் முதுமைக்கு எதுவுமே கூடாது என்று சொல்ல முடியாது. அப்படியானால் பணக்காரர்களுக்கு மட்டும் நிறுத்தலாமே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வருமானச் சான்று, சொத்துச் சான்று என்று தொடங்கினால், மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் சொத்து வைத்தவர் ஏழையாகி, சொந்த வீட்டைத் தம் பெயரிலேயே வைத்திருந்தவர் பணக்காரராகிவிடுவார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

நான் 2011 முதல் 2016 வரை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். நானும் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவன்தான். எனக்கு ஏன் ஓய்வூதியம் இல்லை?
முன்னாள் ஊராட்சித் தலைவர், அணைக்கட்டு

உங்களைப் போன்றோருக்கும் கொடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன், வருத்தப்பட வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வி, சட்டமன்ற உறுப்பினர்களுக்காகச் சொல்லப்படும் ஒரு வாதத்தை நன்றாகவே உடைக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு முழுநேரமும் பொதுப்பணியில் கழித்தவர் பிற்காலத்தில் தொழிலின்றி நிற்பார், அதனால் ஓய்வூதியம் வேண்டும் என்கிறார்கள். குடிநீர்க் குழாய் உடைந்தால் இரவு பத்து மணிக்கும் கதவு தட்டப்படுவது ஊராட்சித் தலைவரின் வீட்டில்தான். அவருக்குச் சொற்ப மதிப்பூதியத்தோடு சரி. உள்ளாட்சிக்கு அரசியலமைப்பில் இடம் தந்தபிறகும் இந்த நிலை மாறவில்லை. நம் பக்கத்தில் 2016-க்குப் பிறகு தனி அலுவலர்களின் ஆட்சியே நீண்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்த இடைவெளியில் உங்கள் நாற்காலியே காலியாக இருந்தது. ஓய்வூதியத்தை யார் நினைத்துப் பார்க்கப்போகிறார்கள்?

தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி என்பதனாலேயே ஓய்வூதிய உரிமை வந்துவிடுவதில்லை என்பதற்கு நீங்களே சான்று. தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அதிகாரம் எந்த அவைக்கு இருந்ததோ, அந்த அவைக்கு ஓய்வூதியம் வந்தது.

ஓய்வூதியத்துக்கு வருமான வரி உண்டா?
வாசகி, சத்துவாச்சாரி

உண்டு. உறுப்பினர்கள் அரசின் ஊழியர்கள் அல்லர் என்பதால், அது சம்பளம் என்ற தலைப்பில் வராமல் இதர வருமானம் என்ற தலைப்பில் வரும். ஊழியர் அல்லர் என்றால் ஓய்வு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கட்சித் தாவலுக்காகத் தகுதியிழந்தவருக்கும் இதே ஓய்வூதியமா? எங்கள் தொகுதியில் ஐந்தாண்டுகளுக்குள் என்னென்னவோ நடந்துவிட்டது.
வழக்கறிஞர், குடியாத்தம்

உண்மை, இந்த வட்டாரத்தைப் போல இக்கேள்விக்குப் பாடமான இடம் வேறில்லை. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 சட்டமன்ற உறுப்பினர்களில் மூவர் அன்றைய வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் தொகுதிகளைச் சேர்ந்தவர்கள். 2016 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்கள் உறுப்பினராக இருந்தது சுமார் 16 மாதங்கள். நடவடிக்கை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல். குடியாத்தத்தில் அதில் வென்றவர் 2020 பிப்ரவரியில் காலமானார். 2021 பொதுத்தேர்தல் வரை தொகுதி மீண்டும் காலியாகவே கிடந்தது.

இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில், கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்கீழ் தகுதியிழந்தவருக்கு ஓய்வூதியம் இல்லை என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நோக்கம் நல்லதே. எனினும் தகுதிநீக்கம் செய்பவர் பேரவைத் தலைவர். அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். ஒருவரின் முதுமைக்கால வருமானத்தையும் அவர் கையில் கொடுத்தால், மனச்சான்றின்படி வாக்களிக்க நினைப்பவரும் அஞ்சுவார். இலஞ்ச, ஊழல் வழக்கில் நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானவரின் ஓய்வூதியத்தை நிறுத்துவது அதைவிடப் பாதுகாப்பான அளவுகோல். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் அரசு ஊழியருக்கு, ஓய்வுக்குப் பிந்தைய நன்னடத்தையும் ஓய்வூதியத்தின் நிபந்தனை என்று 1978 முதலே எழுதியிருக்கிறது. அலுவலக உதவியாளருக்குப் பொருந்தும் விதி அவை உறுப்பினருக்குப் பொருந்தக் கூடாதா?

குறைந்தபட்சம் ஐந்தாண்டுகள் முழுமையாக இருந்தால்தான் ஓய்வூதியம் என்று வைத்தாலும் நம் பக்கத்தில் சிக்கல்தான். 2019இல் பணப்பட்டுவாடாப் புகாரால் வேலூர் மக்களவைத் தேர்தல் நிறுத்தப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. அதில் வென்றவர் 2024 ஜூனில் அவை கலைக்கப்படும் வரை முழுமையாக இருந்தும் ஐந்தாண்டுகள் நிறைந்திருக்காது. இடைத்தேர்தலில் வென்றவர்களின் நிலையும் அதுவே. ஆகையால் முழு ஆண்டு நிபந்தனையைவிட, இருந்த காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் கொடுப்பதே பொருத்தம். பதவியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் இந்த விகிதக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை.

குறை சொல்வது எளிது. நீங்கள் சட்டம் எழுதினால் எப்படி எழுதுவீர்கள்?
வங்கி ஊழியர், ராணிப்பேட்டை

முதல் வரியிலேயே பங்களிப்பை எழுதுவேன். 2017இல் நிர்ணயித்த 1,05,000 ரூபாயையே அடிப்படையாகக் கொண்டால், அதில் 10 விழுக்காடு மாதம் 10,500 ரூபாய். ஐந்தாண்டுகளில் 6,30,000 ரூபாய். அரசும் அதே அளவு சேர்த்தால் வட்டி நீங்கலாக 12,60,000 ரூபாய். இன்றைய 35,000 ரூபாய் ஓய்வூதியத்தை 36 மாதங்கள் கொடுத்தால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். ஒருமுறை உறுப்பினராக இருந்தவருக்கு முப்பதாண்டுகள் ஓய்வூதியம் கொடுப்பதற்கும், அவர் ஈட்டிய உரிமைக்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். பங்களிப்பு முறை வந்தால் ஒருமுறை உறுப்பினர்களின் ஓய்வூதியம் இன்றைய அளவில் நிற்காது, வெகுவாகக் குறையும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இதில் புதுமை ஒன்றுமில்லை. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தம் சம்பளத்தில் 11 விழுக்காட்டுக்கும் மேல் ஓய்வூதிய நிதிக்குச் செலுத்துகிறார்கள். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் முடிவு செய்வது அவர்கள் அல்லர், அதற்கென உள்ள தனி ஆணையம். ஆஸ்திரேலியா 2004 தேர்தலோடு பழைய தாராளத் திட்டத்தைப் புதியவர்களுக்கு மூடிவிட்டு, ஊருக்கெல்லாம் உள்ள சேமநிதி முறையிலேயே அவர்களையும் சேர்த்தது. கனடா 2012இல் சட்டம் திருத்தி, முழு ஓய்வூதியம் தொடங்கும் வயதை 55இலிருந்து 65ஆக உயர்த்தியது. வயது வரம்பை நான் 60 என்று வைப்பேன். நம் அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதும் அதுதான். இரு அவைகளில் இருந்தவர் ஏதேனும் ஒன்றின் ஓய்வூதியத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். மருத்துவ உதவியை மட்டும் எல்லோருக்கும் இன்றுள்ளபடியே விட்டுவிடுவேன். கக்கன் காலத்துக் காட்சி திரும்ப வரக் கூடாது.

தொகையை யார் முடிவு செய்வது என்பதில்தான் கடும் எதிர்ப்பு வரும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தவர் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர் என்று குழு அமைத்து, அதன் பரிந்துரையை அவை அப்படியே ஏற்கலாம் அல்லது குறைக்கலாம், கூட்டக் கூடாது என்று எழுதலாம். 195ஆம் பிரிவு அவைக்குத் தந்த உரிமைக்கும் அதனால் குறைவில்லை. இன்னொன்று: அவை எந்த உயர்வை ஏற்றாலும் அது அடுத்த அவையிலிருந்துதான் நடைமுறைக்கு வர வேண்டும். கை தூக்குபவர் அந்தப் பயனை அடைய மீண்டும் மக்களிடம் வந்து வாக்குக் கேட்டாக வேண்டும்.

ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவர்களின் தொகையைக் குறைப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எண்பது வயதில் அதை நம்பி வாழும் ஒருவரிடமிருந்து பிடுங்குவதற்கு நான் உடன்படமாட்டேன். புதிய விதி புதிய அவைக்கு என்பதே முறை. அரசு ஊழியருக்கு 2003இல் அப்படித்தான் செய்தார்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?
நூலகர், வேலூர்

தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினர்களின் ஊதியம், ஓய்வூதியம் ஆகியவற்றை நிர்ணயிப்பது 1951ஆம் ஆண்டின் தமிழ்நாடு சம்பளங்கள் வழங்கல் சட்டம். மாற்றம் என்பது அந்தச் சட்டத்துக்கான திருத்த மசோதாதான். அதை அரசு கொண்டுவரலாம். தனி உறுப்பினர் மசோதாவாக உங்கள் தொகுதி உறுப்பினரும் கொண்டுவரலாம். சட்டமன்றத்தில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு வந்து மனுக்களை ஆராய்வதும் உண்டு. அக்குழுவுக்கு எழுதும்போது ‘ஓய்வூதியத்தை ஒழியுங்கள்’ என்று ஒரு வரியில் எழுதினால் கோப்பில் போய்விடும். எந்தச் சட்டத்தில், பங்களிப்பு, வயது, பணிக்காலம் ஆகியவற்றில் என்ன மாற்றம் வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். தொகுதி உறுப்பினர் அலுவலகத்தில் ஒரு படியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.